மூக்குக்குக் கொடுத்த இடம்

பத்திரிகையில் ஜெபக்கனியின் படம் வந்தபோது முகத்தைவிட மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது. புகைப்படக்காரர் அப்படித்தான் கேட்டு எடுத்திருந்தார். கீழே கொட்டை எழுத்தில், ‘புற்றுநோயை மோப்பம் பிடிக்கும் உப்பளத்துப் பெண்’ என்று போட்டிருந்தார்கள். அவள் வேதியியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவள் என்ற விவரம் மட்டும் இடம் போதாமல் விட்டுப்போயிருந்தது. அவள் அம்மா பாக்கியமணி அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டில் இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பு அவர்களுடையது. அங்கிருந்து ஒருத்தி சென்னைக்குப் போய்ப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டுவது என்பது அதுவரை யாரும் கேள்விப்படாத காரியம். அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் அது புதுசுதான். வழிவழியாக டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் படித்துவந்த இடம். கூலிக்காரர், மீனவர், தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ‘முதல் வாசல்’ என்று ஒரு திட்டம் போட்டு, ஆறு இடங்களை ஒதுக்க வைத்தவர் அங்கே ஆராய்ச்சி செய்துவந்த டாக்டர் வத்சலா. அதற்காக அவர் படியேறாத அலுவலகம் கிடையாது.

சேர்ந்த அன்றைக்கே வத்சலா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“கணையத்துல கட்டி கடுகளவு இருக்கும்போதே சில நாய்கள் மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிடுது, கனி. நம்ம ஸ்கேனுக்கு அது தெரியறப்போ பாதிப் பேருக்குக் காலம் கடந்துடுது. ஆனா நாய் வந்து அது என்ன மணம்னு நமக்குச் சொல்லாது. என்ன தேடணும்னு தெரியாததால மெஷினும் பண்ண முடியல.”

“அதனால மனுஷ மூக்கை நாய் மூக்கா மாத்தப்போறீங்களா மேடம்?”

வத்சலா சிரித்தார். “மூக்குக்குள்ள கொஞ்சம் புது செல்களை வளர்ப்போம். சொட்டு மருந்து மாதிரிதான், வலிக்காது. மோந்து பாக்கறதும் நீ, அதை ஆராய்ச்சி பண்றதும் நீ.”

“இங்க படிக்கிற எல்லாருக்குமா?”

“இல்ல. இந்த ஆறு பேருக்கு மட்டும். சும்மா இடம் குடுங்கன்னு எத்தனையோ வருஷம் கேட்டேன், குடுக்கல. இந்தச் சிகிச்சைக்கு ஆள் கிடைக்கலன்னு அவங்க தவிச்சப்போ, என் பிள்ளைங்க வருவாங்க, இடம் குடுங்கன்னு சொன்னேன். குடுத்துட்டாங்க.”

“மத்த மாணவங்க ஏன் வரல?”

“அவங்க வீட்ல எல்லாரும் விவரம் தெரிஞ்சவங்க. அஞ்சு வருஷம் கழிச்சு மூக்கு என்ன ஆகும்னு கேட்டாங்க.”

“என்ன ஆகும் மேடம்?”

“தெரியாது கனி.”

தெரியாது என்று மழுப்பாமல் சொன்னதற்காகவே ஜெபக்கனிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கையெழுத்துப் போட்டாள். போடாமல் ஊருக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை.

அந்தச் சிகிச்சை ஆறு பேரில் நான்கு பேருக்குப் பலித்தது. ஜெபக்கனிக்கு எல்லாரையும்விடப் பிரமாதமாகப் பலித்தது. முதல் மாதம் சென்னை அவளைப் பாடாய்ப் படுத்தியது. பேருந்தில் ஏறினால் நாற்பது பேருடைய நேற்றைய சாப்பாடு தெரிந்தது. போகப்போகப் பழகிக்கொண்டாள். நோயாளிகள் ஊதிக் கொடுத்த பைகளை மோந்து பார்த்து, இது ஆம், இது இல்லை என்று பிரித்துவைத்தாள். கணையத்தின் கட்டிக்கு, நனைந்த சாக்கில் வெல்லம் கசிந்த மாதிரி ஒரு மணம் உண்டு என்று அவள் சொன்னதை வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். பிரித்தவர்களின் பெயர்கள் கட்டுரையில் முதலில் வந்தன. அவள் பெயர் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் வரியில் இருந்தது.

மோந்து பார்த்ததை வெளியாரிடம் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆனால் விடுமுறைக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு ரூபி அக்கா தண்ணீர்க் குடத்தோடு கடந்து போனாள், அந்த வெல்ல வாடை அடித்தது. ஜெபக்கனி இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் அவளைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கட்டியை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டார்கள். ரூபி அக்கா உயிரோடு திரும்பி வந்தாள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கு நிலையம் கண்டித்து ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியைத் தன் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் போட்டுக்கொண்டது.

மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு காலை அவள் காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். மணம் இல்லை. சளி என்று நினைத்தாள். சளி போயிற்று, மணம் திரும்பவில்லை. புதிதாக வளர்த்த செல்கள் செத்துப்போகும்போது, அவள் பிறந்தபோதே கொண்டுவந்திருந்த சாதாரண மூக்கையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தன. பூ, பெட்ரோல், மீன், சாக்கடை, எதுவும் இல்லை.

வத்சலாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“வேற யாருக்காவது தெரியுமா?”

“இல்ல மேடம்.”

“தெரிய வேண்டாம். வர்ற ஆவணியில டெல்லிக் குழு வருது. திட்டம் தொடரணுமா நிறுத்தணுமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. மூணு வருஷத்துலயே மூக்கு போயிடுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே இழுத்து மூடிடுவாங்க. அடுத்த ஆறு பேரை ஏற்கெனவே தேர்வு பண்ணி வெச்சிருக்கேன்.”

“என் படிப்பு மேடம்?”

“உன் உதவித்தொகை, விடுதி எல்லாம் மூக்குக் கணக்குலதான் வருது. அந்தக் கணக்கு மூடினா என்னால எதுவும் பண்ண முடியாது. உன்னை மோப்ப வேலைலேர்ந்து எழுத்து வேலைக்கு மாத்திடறேன். குழு போற வரைக்கும் பொறுத்துக்கோ.”

பொறுத்துக்கொண்டாள். கைக்குக் கிடைத்த ஓய்வில், செல்கள் ஏன் சாகின்றன என்று தன் மூக்கையே வைத்து ஆராய்ந்தாள். நல்ல ஆராய்ச்சி, உண்மையில் அவள் செய்ததிலேயே அதுதான் பெரிய ஆராய்ச்சி. ஆனால் அதை வெளியிட்டால் மூக்கு போன விஷயமும் வெளியே வந்துவிடும். எழுதி எழுதிக் கணினிக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாள். குடியிருப்பின் முனையிலேயே பெண்கள் கூடிவிட்டார்கள். மோந்து பார்க்கச் சொல்லி ஒருத்தி கன்னத்தைக் காட்டினாள், ஒருத்தி தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். ஒப்பந்தம் இருக்கிறது, இனிமேல் சொன்னால் படிப்பே போய்விடும் என்று எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுத் தட்டிக்கழித்தாள். பொய்க்கு ஒப்பந்தம் கைகொடுத்தது.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் முத்தம் கொடுப்பது உதட்டால் அல்ல. கன்னத்தில் மூக்கை அழுத்தி ஆழமாக ஒரு இழுப்பு இழுப்பார்கள், அதுதான் முத்தம். ஜெபக்கனி பிறந்ததிலிருந்து வாங்கிய முத்தம் அது. ஓடிப்போய் அம்மாவின் கன்னத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். உப்பும் வேர்வையும் சோப்புமாகக் கலந்த அம்மாவின் மணம் வரவில்லை. வராவிட்டால் என்ன, அம்மாதானே. முகத்தை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

பாக்கியமணி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று ஜெபக்கனி அப்போது யோசிக்கவில்லை. அன்றைக்கு அம்மா ரொம்ப உற்சாகமாக இருந்தாள் என்று மட்டும் நினைவிருந்தது.

ஆடி மாத வெயிலில், உப்பு வாரிக்கொண்டிருந்த இடத்திலேயே பாக்கியமணி சுருண்டு விழுந்தாள். அண்ணன் ஸ்டீபன் போன் பண்ணினான். ஜெபக்கனி பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவன் வார்டு வாசலில் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

“கணையமாம். ஈரலுக்குப் போயிட்டுதாம். ஒண்ணும் பண்ண முடியாதுங்காவ,” என்றான். “நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா கனி.”

“என்னத்தண்ணே?”

“கிறிஸ்மஸுக்கு வந்தப்பமே நீ அம்மாகிட்ட சொல்லிருக்க. ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொல்லிருக்க. அம்மா கேக்கல. எங்ககிட்டயும் சொல்லாம மறச்சிட்டா. இப்பந்தான் டாக்டர்ட்ட சொல்லுதா, எம் மவ மோந்து பாத்து அப்பமே சொன்னா, நாந்தான் பயந்துகிட்டுப் போவலன்னு.”

ஜெபக்கனி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில் இளவயது டாக்டர் ஒருவர் வேகமாக வந்தார். “நீங்கதான் ஜெபக்கனியா? உங்க அம்மா எல்லாம் சொன்னாங்க. ஸ்கேனே கண்டுபிடிக்க முடியாத நேரத்துல நீங்க சொல்லியிருக்கீங்க. உங்க நிலையத்துல என்கூடப் படிச்சவன் இருக்கான், அவன்கிட்ட சொன்னேன், அசந்துட்டான். அம்மா மட்டும் உங்க பேச்சைக் கேட்டிருந்தா...” அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மதினி எஸ்தர் கஞ்சி வாங்கிவரப் போனபோது வார்டில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். பாக்கியமணி பாதியாக இளைத்திருந்தாள். கண்கள் மஞ்சளாக இருந்தன.

“ஏம்மா அப்படிச் சொன்ன? நான் எப்பம் உங்கிட்ட சொன்னேன்?”

“மெல்லப் பேசு.”

“நான் முத்தம்தானம்மா குடுத்தேன்.”

“முத்தம்னு தெரியாமலா இருக்கும்? ஆனா நான் அதத்தான் பாத்துகிட்டு இருந்தேன்.” பாக்கியமணி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். “அதுக்கு முந்தியே வயித்துல வலி. முதுகு வரைக்கும் இழுக்கும். சரி, கனி வருவா, வந்தா கன்னத்த மோந்து முத்தம் குடுப்பா, அப்பம் அவ மொகத்தப் பாத்தா தெரிஞ்சிரும்னு இருந்தேன். நீ சிரிச்ச. எனக்கு உயிரு வந்துட்டு.”

ஜெபக்கனிக்குக் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மாவின் உயிரைத் தன் சிரிப்புதான் வாங்கிவிட்டது என்று நினைத்தாள்.

“எம்மா, ஒண்ணு சொல்லுதேன். அப்பம் எனக்கு மூக்கு...”

“செத்துப்போச்சு. தெரியும்.”

ஜெபக்கனி அம்மாவையே பார்த்தாள்.

“மறுநாளே தெரிஞ்சிட்டு. முந்தின நாளு மீன்கொழம்பு ஊசிப்போயிட்டு. எஸ்தரு கிட்டவே போவல. நாய்க்குப் போடலாம்னு எடுத்து வச்சிருந்தேன். நீ கோயில்லருந்து வந்து, அத எடுத்து ஊத்தி சாப்ட்ட. ரெண்டாந்தரமும் ஊத்திகிட்ட. புளிக்கொழம்புதான, நாக்குக்குத் தெரிஞ்சிருக்காது. மூக்குக்குத் தெரியணும்லா. அப்பமே புரிஞ்சிகிட்டேன், நம்ம பிள்ளைக்கு மூக்கு போச்சுன்னு.”

“அப்பம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்லாம்மா. என் சிரிப்புக்கு அர்த்தமில்லன்னு தெரிஞ்ச பொறவு...”

“போவலாம்னுதான் கெளம்புனேன். பாதி வழியில யோசன வந்துட்டு. போயி, அங்கன புத்துநோய்னு சொல்லிட்டாவன்னா? இவ மவளுக்கு இவ நோயே தெரியலயேன்னு ஊரு கேக்கும்லா. பேப்பர்ல போடுவான். உன்ன அங்கருந்து அனுப்பிருவாவ.”

“அனுப்ப மாட்டாவம்மா. நான் படிக்கதுக்குத்தான போனேன்.”

“மூக்குக்குத்தானட்டி சீட்டு குடுத்தாவ.”

ஜெபக்கனி பதில் சொல்ல நினைத்தாள். பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வந்ததைச் சொல்ல நினைத்தாள். கணினிக்குள் கிடக்கும் ஆராய்ச்சியைச் சொல்ல நினைத்தாள். அது எதையும் யாரும் அம்மாவிடம் சொன்னதில்லை, பத்திரிகைக்காரனும் சொல்லவில்லை, நிலையமும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அவளே ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூக்கைப் பற்றித்தான் பேசியிருந்தாள், அதுதான் எல்லாருக்கும் புரிகிற விஷயமாக இருந்தது.

“உனக்கு ஏதோ பரீச்ச மாதிரி, டெல்லிலருந்து ஆளு வாராவன்னு சொன்னல்லா. அது முடியட்டும், பொறவு போவோம்னு இருந்தேன். அதுக்குள்ள விழுந்துட்டேன். பரவால்ல. நீ சொன்னன்னு நான் சொல்லிட்டேன். இனிமே உன் மூக்க ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது.” பாக்கியமணி கண்ணை மூடிக்கொண்டாள். “பேருக்கு முன்னால டாக்டர்னு வரட்டும். பொறவு யாருகிட்ட வேணா உண்மையச் சொல்லிக்கோ.”

எஸ்தர் கஞ்சியோடு வந்தாள். பாக்கியமணி இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்றாள். அந்த வாரமே போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஜெபக்கனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீ சொன்னதை அவள் கேட்காமல் போனாளே என்று அழுதார்கள். ரூபி அக்காதான் ரொம்ப அழுதாள், நான் கேட்டேன், பிழைத்தேன் என்று. ஒவ்வொருவர் தோளிலும் தலையைச் சாய்த்து நின்றதைத் தவிர ஜெபக்கனியால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஆவணியில் டெல்லிக் குழு வந்தது. கூட்ட அறைக்கு வெளியே வத்சலா அவளுக்காகக் காத்திருந்தார்.

“கனி, உங்க அம்மா விஷயம் குழுவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த டாக்டர் பையன் இங்க சொல்லி, அது குழுத் தலைவர் வரைக்கும் போயிடுச்சு. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, எந்தக் கருவியும் இல்லாம, அவ்வளவு ஆரம்பத்துல கண்டுபிடிச்சதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்னு பேசிக்கறாங்க. திட்டத்தை நிரந்தரமாக்கப் போறாங்க.”

“அந்தச் சமயத்துல எனக்கு மூக்கே இல்லன்னு உங்களுக்குத் தெரியுமே மேடம்.”

“தெரியும்.” வத்சலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உன்கிட்ட நேரா கேப்பாங்க. நீ உண்மையைச் சொன்னா நான் தடுக்க மாட்டேன். அந்தத் தகுதி எனக்கு இல்ல.”

“சொன்னா?”

“மூடிடுவாங்க. மறைச்சதுக்கு என்னை அனுப்பிடுவாங்க, அது பரவாயில்ல. புதுசா வந்திருக்கற ஆறு பேரும் இன்னைக்கே ஊருக்குத் திரும்பணும். அடுத்து இந்த மாதிரி இடம் எப்ப வரும்னு சொல்ல முடியாது.”

கண்ணாடிக் கதவு வழியாக அந்த ஆறு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எல்லாரும் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். ஒரு பெண் தன் கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், யாரோ பிடுங்கிக்கொள்ளப்போகிறார்கள் என்பதுபோல.

“அவங்ககிட்டயாவது சொல்லிடுங்க மேடம், மூணு வருஷத்துல மூக்கு போயிடும்னு. தெரிஞ்சு கையெழுத்துப் போடட்டும்.”

“சொல்றேன். நிச்சயமா சொல்றேன். ஆனா கனி, சொன்னா போட மாட்டாங்கன்னு நினைக்கறியா?”

ஜெபக்கனி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தன்னிடம் அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்க்க நேரமே தேவைப்படவில்லை.

“போடுவாங்க,” என்றாள்.

உள்ளே அழைத்தார்கள். தலைவர் நல்ல மனிதர், வயதானவர், தமிழ் தெரிந்தவர். முதலில் எழுந்து நின்று அவளுக்கு அனுதாபம் சொன்னார். ஒப்பந்தத்தை மீறி வீட்டில் சொன்னதை இந்த ஒரு முறை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை, பெற்ற தாய் அல்லவா என்றார். பிறகு, பதிவுக்காகக் கேட்கிறேன் என்று கேட்டார்.

“கிறிஸ்துமஸ் விடுமுறையில உங்க அம்மாவை மோந்து பாத்தீங்க. நோய் இருக்குன்னு தெரிஞ்சது. அவங்ககிட்ட சொன்னீங்க. அப்படித்தானே?”

ஜெபக்கனி எழுந்து நின்றாள். இல்லை என்று சொன்னால், அம்மா எதற்காக அத்தனை மாதம் வலியைப் பொறுத்தாளோ அதுவும் போய்விடும். ஆமாம் என்று சொன்னால், ஊருக்கெல்லாம் அம்மா சொல் பேச்சுக் கேட்காமல் செத்தவளாகவே இருந்துவிடுவாள். இரண்டிலும் உண்மையான அம்மா இல்லை. மூன்றாவதாக ஒரு பதில் இருக்குமா என்று தேடினாள், கிடைக்கவில்லை. தலைவர் பொறுமையாகக் காத்திருந்தார். வத்சலா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னேன் சார்,” என்றாள்.

கை தட்டலாமா கூடாதா என்று அறையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. செத்துப்போனவள் இவளுடைய அம்மா. தலைவர்தான் மெதுவாகத் தட்டத் தொடங்கினார், பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஜெபக்கனி உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் இருந்த அந்த ஆறு பிள்ளைகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.